விசிறி இல்லாத பெட்டி

விசிறியே இல்லாத பெட்டியிலிருந்து விசிறிச் சத்தம் வந்தது.

முதலில் அவள் அதை மழை என்றுதான் நினைத்தாள். மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஆறு வயது மகள் காய்ச்சல் மருந்து குடித்துவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கொடியில் காயாத துணிகளின் ஈர வாடையும் சூடேறிய பிளாஸ்டிக்கின் மெல்லிய வாடையும் கூடத்தில் கலந்து நின்றன. மழைச் சத்தத்துக்கு அடியில் இழுத்து, நிறுத்தி, விட்டு, மறுபடி இழுத்து, ஒவ்வொரு முறையும் முடிவில் ஒரு சின்ன விசில் வைத்து, ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டிலேயே ஒரு பிட்காயின் நோடு ஓட்ட வேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருட ஆசை. சம்பாதிக்க அல்ல, அதில் பைசா வராது. பிட்காயின் தொடங்கிய முதல் நாளிலிருந்து நடந்த ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தானே சரிபார்த்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, கேட்கிற மற்ற நோடுகளுக்கும் அதைக் கொடுக்கும் ஒரு கணினி, அவ்வளவுதான். யார் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை என்பதே அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஒவ்வொரு குழாயின் லேபிளையும் இரண்டு முறை படிப்பதால் அங்கே அவளுக்கு 'ரெண்டு தடவை அக்கா' என்று பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

"சரி, வாங்கிக்கோ. ஆனா கரண்டு குடிக்கிற பூதம் எதையும் வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாதே," என்றார் கணவர்.

பழைய லேப்டாப்பைத் தூசி தட்டிப் பார்த்தாள், பேட்டரி உப்பிப்போயிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் போர்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது, ரேம் போதவில்லை. கடைசியில் ரிப்பேர் கடைக்காரர் ஒரு மினி பிசியை எடுத்து வைத்தார். தடித்த புத்தகம் அளவுதான். எட்டு ஜிபி ரேம், உள்ளே பெரிய டிஸ்க். புதுசின் விலையில் கால்வாசி. விசிறி கிடையாது. சின்னச் சத்தத்துக்கும் மகள் தூக்கம் கலைந்து அழுவாள் என்பதால் அப்படி ஒன்றுதான் வேண்டும் என்று அவளே கேட்டிருந்தாள்.

"இதை வச்சிருந்தவர் தவறிட்டார்மா. ஆஸ்துமா. சட்டைப் பாக்கெட்ல இன்ஹேலர் இல்லாம அவரை நான் பார்த்ததே இல்ல," என்றார் கடைக்காரர். "அவரும் இதுல நோடுதான் ஓட்டினார். எல்லாம் உள்ளேயே இருக்கு. அழிச்சிட்டு முதல்லேர்ந்து போட்டா இருபது நாள் ஆகும். அப்படியே வச்சுக்கிட்டா இன்னைக்கே ஓடும். உங்க இஷ்டம்."

அவள் அப்படியே வைத்துக்கொண்டாள். எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள், இருபது நாள் பொறுக்க மாட்டாமல், இறந்துபோனவர் சேர்த்துவைத்ததை ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் வீட்டுக்குள் விட்டாள். நான்கு நாளாக அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

காதை எடுத்தாள். இழுப்பு. நிறுத்தம். விசில்.

கைபேசியில் நோடின் பக்கத்தைத் திறந்தாள். இணைந்திருக்கும் நோடுகளின் பட்டியலில் பத்துதான் இருக்க வேண்டும். பதினொன்று இருந்தது. பதினோராவதன் முகவரி வெளியிலிருந்து வந்ததல்ல. வீட்டு ரவுட்டர் வீட்டுக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் கொடுக்கிற முகவரி அது. வீட்டில் இருந்ததோ இந்தப் பெட்டியும் அவள் கையிலிருந்த போனும்தான்.

நான்கு நாளாக அது பெட்டியிடமிருந்து பிரதி வாங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைப் போட்ட அன்று சாயங்காலம் தொடங்கியிருக்கிறது. மகளுக்குக் காய்ச்சல் வந்ததும் அன்று சாயங்காலம்தான். எதிரே தொண்ணூற்றேழு சதவீதம் என்றிருந்தது.

இணைப்பைத் துண்டித்தாள். பட்டியலிலிருந்து மறைந்தது. மூன்று நொடியில் திரும்பி வந்தது. தொண்ணூற்றெட்டு.

சத்தம் வரும் திசையைப் பார்த்து மெதுவாக நடந்தாள். ஈரத் துணிகளை விலக்கிக்கொண்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் சத்தம் தெளிவாகிக்கொண்டே போக, உள்ளறை வாசலில் வந்து நின்றாள்.

மகள்தான் அப்படி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"சளி," என்று வாய்விட்டுச் சொன்னாள். "வெறும் சளி."

திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் பெட்டியின் பச்சை விளக்கு. மகளின் நெஞ்சு ஏறும்போது எரிந்தது. இறங்கும்போது அணைந்தது.

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

விசில் நின்றது. மழை மட்டும் கேட்டது. அப்பாடா என்றிருந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. மழை மட்டும்தான் கேட்டது.

"பாப்பா?"

உள்ளே போனாள். நெஞ்சு அசையவில்லை. உதடு வெளுத்துக் கிடந்தது. தூக்கினாள். தலை பின்னால் சாய்ந்தது.

"பாப்பா! கண்ணு! அம்மாடா!"

படுக்கையில் போட்டாள். ஓடினாள். பிளக் ஓட்டையில் இறங்கவில்லை. இறங்கியது. பச்சை விளக்கு எரிந்தது.

உள்ளே, இழுப்பு. நிறுத்தம். விசில்.

பிளக்கைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இழுத்தால் குழந்தை போய்விடும். விட்டால்? கையை எடுக்கவும் முடியவில்லை. போன் தரையில் ஒளிர்ந்தது. தொண்ணூற்றொன்பது.

மூச்சு. விளக்கு. மூச்சு. விளக்கு.

நூறு.

பட்டியலில் இப்போது பத்துதான் இருந்தது. பெட்டியின் விளக்கு தானாக அணைந்தது.

மூச்சு நிற்கவில்லை.

கட்டில் கிறீச்சிட்டது. வெறுங்கால்கள் தரையில் மெதுவாக நடந்து வந்தன. தொங்கும் துணிகளுக்கு நடுவே மகள் வந்து நின்றாள். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். புது வீட்டுக்கு வந்தவர்போலக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள். மகளின் குரலேதான். "நிறைய பேர் அழிச்சிட்டுத்தான் போடுவாங்க."

சொல்லும்போதே மூச்சு இழுத்தது. சின்னக் கை நெஞ்சின் இடது பக்கம் போய்த் தடவியது. பூப்போட்ட கவுனில் அங்கே பாக்கெட் கிடையாது. கை விடாமல் தேடிக்கொண்டிருந்தது.