கிழக்கு பார்க்காத கன்று

"திருடின்னு சொல்லிட்டாங்கம்மா. மூணு வாரமா நான் மண்ணு கொத்துன வீட்டுலயே சொல்லிட்டாங்க."

வாசலில் நின்று இதைச் சொன்ன பெண்ணின் நகக்கண்களில் இன்னும் மண் இருந்தது. உள்ளே வரலாமா, கூடாதா என்று அவள் தயங்குவதற்குள் நாத்தனார் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். இந்த மாதிரி விவகாரம் ஏதாவது வீடு தேடி வந்தால் நாத்தனாருக்குக் கால் தரையில் பாவாது.

"அண்ணி! சீக்கிரம் வாங்க! திருட்டு!"

"அது எங்கயும் ஓடிடாது, நாத்தனாரே. முதல்ல அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடு" என்றாள் அண்ணி. கிழிந்த குடை ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவள், தையலை முடித்து நூலைப் பல்லால் கடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

அண்ணியை ஊரே பார்சலம்மா என்றுதான் கூப்பிடும். அஞ்சலகத்தில் காணாமல் போன பார்சல்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் மேசையில் முப்பது வருடம் உட்கார்ந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் மேசைதான் போனதே தவிர, தேடி வருகிறவர்கள் நிற்கவில்லை.

தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தோட்டக்காரப் பெண் விஷயத்தைச் சொன்னாள்.

ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் வீட்டுத் தோட்டத்தை அவள் ஏற்று நடத்துகிறாள். பாத்தி கட்டி, நடைபாதைக்குக் கல் பதித்து, வசந்தம் தொடங்கியதும் நடவு. நேற்றுக் காலை மதில் ஓரமாகப் பன்னிரண்டு மாதுளைக் கன்றுகளை நட்டாள்.

"நர்சரில கன்னுக்கு எந்தப் பக்கம் கிழக்கு வெயில் பட்டுதோ, அதே பக்கம் இங்கயும் கிழக்க பாக்கணும்மா. இல்லைன்னா அது மிரண்டுபோய் ஒரு மாசம் சும்மா நிக்கும். நேத்து ஒரே மேகமூட்டம். திசை துல்லியமாப் பிடிபடலை. கேப்டன் ஐயாதான் தன்னோட பித்தளைத் திசைகாட்டியை எடுத்துக் குடுத்தார். நாப்பது வருஷம் கப்பல்ல அவர் கூடவே இருந்ததாம். பதினோரு மணிக்கு வேலை முடிஞ்சதும் பெட்டியோட வராந்தா மேசையில திருப்பி வச்சிட்டுத்தான் போனேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தண்ணி ஊத்த வர்றேன், கேட்டுலயே நிறுத்திட்டாங்க. திசைகாட்டியைக் காணோமாம்."

"நீ வச்சதை யாரும் பார்த்தாங்களா?"

"இல்லம்மா. ஐயா குளிக்கப் போயிருந்தார்."

"தேடினாங்களா?"

"ஐயா கப்பலைச் சோதனை போடற மாதிரி போட்டாராம். எல்லா அறையும், எல்லார் பையும், மாப்பிள்ளை காரோட டிக்கி வரைக்கும்." "ஒன்பது வருஷம் அடுத்தவங்க கிட்ட கூலிக்கு மண்ணு சுமந்தேன். நானே எடுத்துச் செய்யற முதல் தோட்டம் இது. இன்னிக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரி மேலாளரம்மா இதைப் பார்க்க வர்றாங்க. பிடிச்சிருந்தா ஆஸ்பத்திரித் தோட்டம் எனக்கு. ஆனா வந்ததும் அவங்க காதுல விழப் போறது திருட்டுப் பேச்சுதானே?"

பார்சலம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி. தைத்த குடையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வா, நாத்தனாரே. உன் மூக்குக்கண்ணாடியை மறக்காம எடுத்துக்கோ. உன் கண்ணு எனக்கு வேணும்."

கப்பல்காரர் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, இரவு முழுக்கத் தூங்காத கண். "அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம்கூட இல்லைம்மா" என்றார். "வருத்தம்தான். நம்பிக் குடுத்தேன்."

"வருத்தத்தை நாலு மணி வரைக்கும் தள்ளி வைங்க கேப்டன் சார். தோட்டத்தைச் சுத்திப் பார்க்கலாமா?"

வீட்டுக்கும் கிழக்கு மதிலுக்கும் நடுவே கல் பாவிய நடைபாதை. அதை அடுத்து மதிலை ஒட்டி நீளப் பாத்தி. வைக்கோல் மூடாக்குக்கு நடுவே பன்னிரண்டு மாதுளைக் கன்றுகளும் இடுப்பளவு உயரத்தில் வரிசை பிசகாமல் நின்றன. தோட்டக்காரப் பெண்ணைக் கேட்டுக்கு உள்ளே வர மட்டும்தான் விட்டார்கள்; பாத்திப் பக்கம் போகக் கூடாதென்று கப்பல்காரர் கையைக் காட்டிவிட்டார்.

நாத்தனார் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அந்த ஏழாவது கன்னுக்கு மட்டும் சிவப்பு நூலு கட்டி அலங்காரம் பண்ணியிருக்கா, பாருங்க அண்ணி. மத்ததெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? அலங்காரம் பண்ணியும் அதுதான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது" என்றாள்.

பார்சலம்மா குடையை ஊன்றிக்கொண்டு அந்தக் கன்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "வீட்டுல இருக்கறவங்களைப் பார்ப்போம்" என்றாள்.

கப்பல்காரரின் மகனும் மகளும் நேற்றும் இன்றும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டவர்கள். அவரைத் தவிர வீட்டில் இருந்தது மூன்று பேர்தான்.

சமையலறைக் கதவருகே கிடந்த செருப்பைப் பார்த்ததும் நாத்தனார் அண்ணியின் முழங்கையைக் கிள்ளினாள். செருப்பு முழுக்க மண். "ஆளு மாட்டிக்கிட்டான்!" என்று காதைக் கடித்தாள்.

"மண்ணா? இருக்காதா பின்னே?" என்று சமையல்காரர் கரண்டியோடு திரும்பினார். "நேத்து காலைல ஒவ்வொரு கன்னையும் பிடிச்சுட்டு நின்னது யாருன்னு நினைக்கிறீங்க? அந்தப் பொண்ணு கைல திசைகாட்டியை வச்சுக்கிட்டு, 'அண்ணே திருப்புங்க, இன்னும் கொஞ்சம், அய்யோ ரொம்பப் போயிடுச்சு, பின்னாடி வாங்க'ன்னு பன்னிரண்டு தடவை ஆட்டி வச்சுட்டா. கன்னு சுத்துச்சோ என்னவோ, எனக்குத் தலை சுத்திருச்சு. என் புதினாப் பாத்தியை வேற எடுத்துட்டா."

"கோபமா?"

"கோபம்தான். ஆனா புதினாவைப் பின்பக்கம் வச்சுக் குடுத்துட்டா. இப்ப பாதிக் கோபம்."

மருமகள் கூடத்தில் உட்கார்ந்து சிவப்பு ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு கை நீளமாகவும் மற்றது முழங்கையோடு நின்றும் இருந்தது. "நூல் பத்தாமப் போச்சு. அடையாளம் கட்டறதுக்கு அவளுக்கு நான்தான் வெட்டிக் குடுத்தேன். நர்சரிக்கே கூடப் போய் நானே கட்டினேன். எல்லாம் கிழக்குப் பக்கத்துக் கிளையில" என்றாள். "திசைகாட்டியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் மாமாவும் நானும் தூங்கிட்டோம்."

வீட்டோட மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்தார். சலவைச் சட்டை, பளபளக்கும் ஷூ.

"நடவைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் பார்சலம்மா.

"நானா? ஜன்னலைச் சாத்திட்டு மாடியிலயே இருந்தேன். ஆறு வருஷமா என் கார் நின்ன இடம் அது. அங்க குழி வெட்டறதை நான் வேடிக்கை வேற பார்க்கணுமா? இப்ப என் கார் தெருவுல நிக்குது, மேல அத்தனை காக்கா எச்சம். அதைத் துடைக்கறதே எனக்குப் பொழைப்பா இருக்கு." அவர் கப்பல்காரர் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் ஆளை விட்டு எல்லாத்தையும் பிடுங்கிடலாம் மாமா. பிடுங்கறப்போ மண்ணுக்குள்ளேருந்து ஏதாவது கிடைச்சாலும் கிடைக்கும், யார் கண்டா?"

"காரை இப்பவும் பூட்டித்தானே வைக்கிறீங்க?"

"தெருவுல நிக்கற காரைத் திறந்து போடுவாங்களா? சாவி எப்பவும் என் இடுப்புலதான். நேத்து மாமா சோதனை போட்டப்பகூட நான்தான் திறந்து விட்டேன்."

"நல்லது" என்றாள் பார்சலம்மா.

மூன்று மணி ஆகியிருந்தது. நாத்தனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அண்ணி, செருப்பை விட்டுட்டீங்களே! இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு. ஏதாவது தோணுச்சா?"

"தோணுச்சு. நீ சொன்னதுதான்."

"நான் என்ன சொன்னேன்?"

பார்சலம்மா சிரித்தாள். அப்புறம் எல்லோரையும் நடைபாதைக்கு வரச் சொன்னாள். தோட்டக்காரப் பெண்ணையும்தான். கப்பல்காரர் வாயைத் திறந்தார். பார்சலம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"நாத்தனாரே, இங்கேருந்து எத்தனை கன்னுல நூல் தெரியுது?"

"ஒண்ணுல. ஏழாவது."

"இப்ப எல்லாரும் என்கூட அந்தப் பக்கம் வாங்க."

பாத்திக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி நிற்கத்தான் இடம். மூடாக்கை மிதிக்காமல் வரிசையாக நுழைந்தார்கள். மாப்பிள்ளை மட்டும், "எனக்கு ஷூ அழுக்காகும்" என்று நடைபாதையிலேயே நின்றுவிட்டார். மதிலோடு மதிலாக நின்று நாத்தனார் எண்ணினாள். எண்ண எண்ண அவள் குரல் ஏறியது.

"பதினொண்ணு! அண்ணி, பதினொண்ணுலயும் நூல் இந்தப் பக்கம் இருக்கு! ஏழாவதுல மட்டும் இல்லை!"

"அய்யோ, என் கன்னு!" என்று தோட்டக்காரப் பெண் பாய்ந்தாள். "இது திரும்பியிருக்கு. யாரோ பிடுங்கித் திரும்ப நட்டிருக்காங்க. அதான் வாடி நிக்குது!"

"அதேதான். நேத்து நட்ட பாத்தி. எங்க கொத்தினாலும் புது மண்ணு. ஒளிச்சு வைக்க இதைவிட நல்ல இடம் வீட்டுல இல்லை. நீங்க அறையெல்லாம் தேடினீங்க கேப்டன் சார், தரையைத் தேடலை. சமையல்காரரே, அந்தக் கன்னை மெதுவா எடுங்க."

சமையல்காரர் மண்டி போட்டுக் கையாலேயே மண்ணை விலக்கினார். வேர்மண் உதிராமல் கன்றைத் தூக்கித் தோட்டக்காரப் பெண்ணிடம் கொடுத்தார். ஒரு முழ ஆழத்தில் மஞ்சள் துணி சுற்றிய பெட்டி தட்டுப்பட்டது. கப்பல்காரர் அதைத் திறந்தார். முள் துள்ளி, ஆடி, வடக்கைக் காட்டி நின்றது.

"பார்த்தீங்களா மாமா!" என்று நடைபாதையிலிருந்து மாப்பிள்ளை கத்தினார். "நான் சொல்லல? அவ நட்ட செடிக்கு அடியில! வேற யாரு வச்சிருப்பா?"

எல்லோருடைய பார்வையும் தோட்டக்காரப் பெண் பக்கம் திரும்பியது. கன்றை மார்போடு அணைத்தபடி அவள் விறைத்து நின்றாள்.

"இதை எதிர்பார்த்துத்தான் இங்க வச்சிருக்காங்க" என்றாள் பார்சலம்மா நிதானமாக. "சாயங்காலம் தோட்டத்தைப் பிடுங்குவாங்க, பெட்டி கிடைக்கும், பழி அவ மேல நிரந்தரமா உட்கார்ந்துடும். எல்லாம் கச்சிதம். மண்ணை மட்டமா பரப்பி, மூடாக்கைக்கூட முன்ன இருந்த மாதிரியே போட்டிருக்காங்க. ஒரே ஒரு தப்பு. நூல். கேப்டன் சார், நீங்களே சொல்லுங்க. ஒரு கன்னு கிழக்க பாக்கணும்னு உங்க திசைகாட்டியை இரவல் வாங்கின பொண்ணு, திரும்ப நடறப்போ அதை மேற்கு பார்த்து வைப்பாளா?"

கப்பல்காரர் மெல்லத் தலையை ஆட்டினார். "தூக்கத்துலகூட வைக்க மாட்டா."

"சமையல்காரர்? பன்னிரண்டையும் பிடிச்சுத் திருப்பினவர். நூல் எதுக்குன்னு அவருக்குத் தெரியும். உங்க மருமக? நூலைக் கட்டினதே அவங்க கைதான். இவங்க யாரு எடுத்திருந்தாலும் சரியாத் திருப்பி வச்சிருப்பாங்க. நமக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இந்த வீட்டுல அந்த நூலோட சங்கதி தெரியாத ஆளு ஒருத்தர்தான். ஜன்னலைச் சாத்திட்டு மாடியில இருந்தவர். மத்தியானம் இவங்க தூங்கினப்போ நடைபாதையில நின்னு கன்னை எடுத்தார். மத்த நூலெல்லாம் மதில் பக்கம் இருந்ததால அவர் கண்ணுல படலை. கையில இருந்த கன்னுல ஏதோ நூல் தொங்குது, அவ்வளவுதான். வந்த வாக்குல நட்டுட்டார்."

"இதெல்லாம் ஊகம்!" என்றார் மாப்பிள்ளை. குரலில் வேகம் இருந்தது, முகத்தில் இல்லை.

"ஊகம்தான். ஆனா இந்தத் துணி?" பார்சலம்மா மஞ்சள் துணியைக் குடைநுனியால் தூக்கிக் காட்டினாள். ஓரத்தில் வெள்ளையாய்க் காய்ந்த எச்சம் தெரிந்தது. "காக்கா எச்சம். கார் துடைக்கிற துணி. அது கிடக்கறது பூட்டின காருக்குள்ள, சாவி உங்க இடுப்புல. நீங்களே சொன்னீங்க. பித்தளை ஈரத்துல கறுத்துடக் கூடாதுன்னு சுத்தி வச்சிருக்கீங்க. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்தான்."

மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்தார். "எடுத்துக்கணும்னு இல்லை மாமா" என்றார் கடைசியில். "அவளை அனுப்பிட்டா கார் நிறுத்த இடம் திரும்பக் கிடைக்கும்னு நினைச்சேன்."

கப்பல்காரர் தோட்டக்காரப் பெண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். "சோதனை போட்டேனே தவிர யோசிக்கலை. மன்னிச்சிடும்மா." மாப்பிள்ளை பக்கம் திரும்பியபோது அது பழைய கேப்டன் குரல். "மாப்பிள்ளை! ஷூவைக் கழட்டுங்க. பாத்தியில இறங்குங்க."

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சரியாக நாலு மணி. உள்ளே வந்த மேலாளரம்மா கண்டது இதுதான்: வரிசை நடுவில் ஒரு குழி, சலவைச் சட்டையோடு மண்டி போட்டு மாதுளைக் கன்றைப் பிடித்திருக்கும் ஒருவர், பக்கத்தில் திசைகாட்டியோடு வெள்ளைத்தாடிக் கிழவர்.

"திருப்புங்க சார்" என்றாள் தோட்டக்காரப் பெண். "இன்னும் கொஞ்சம். அய்யோ, ரொம்பப் போயிடுச்சு. பின்னாடி வாங்க."

"இதேதான்! இதேதான்!" என்று சமையல்காரர் கைதட்டினார்.

"என்ன நடக்குது இங்க?" என்றார் மேலாளரம்மா.

தோட்டக்காரப் பெண் எதையும் மறைக்கவில்லை. கன்று, கிழக்கு, நூல், காணாமல் போன பெட்டி என்று எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே சொல்லி முடித்தாள். சொல்லும்போதே காலால் மண்ணை அணைத்தாள். மேலாளரம்மா பாத்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார்.

"ஒரு கன்னு முகம் திரும்பினதை வச்சு மானத்தைக் காப்பாத்திக்கிட்டியா!" என்றார். "எங்க இடத்துல நாப்பது மரக்கன்னு வைக்கணும். நாப்பதுக்கும் இப்படி நூல் கட்டுவியா?"

"ஒண்ணு விடாமக் கட்டுவேன்மா."

"அப்ப திங்கட்கிழமை ஆளுங்களோட வந்துடு."

கப்பல்காரர் திசைகாட்டியைப் பெட்டியோடு அவள் மண் கையில் வைத்தார். "நாப்பதும் முடியற வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்."

நாத்தனார் அண்ணியின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "முதல்ல பார்த்தது நான்தானே? நான்தானே?" பார்சலம்மா அவளைத் தடுக்கவில்லை. தெரு முழுக்க இதை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதற்குள் வராந்தாவில் பின்னலுக்குத் திரும்பியிருந்த மருமகளின் அலறல் கேட்டது.

"நாப்பதா? அப்ப என் ஸ்வெட்டரோட இன்னொரு கையும் போச்சு!"