துடைத்து வைத்த நாற்காலி

“அந்த நாற்காலி மரணமாத்தான் இருக்கணுமா, மேடம்?”

கடைசி வரிசையிலிருந்து வந்த கேள்வி அவளை அப்படியே நிறுத்திவிட்டது. நூலகத்தின் வாசகர் கூட்டத்தில் இதுவரை யாரும் அவளை மடக்கியதில்லை. கல்லூரியில் இலக்கியம் நடத்துபவள். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்துவிடுவாள். ‘குறியீட்டு மிஸ்’ என்பது மாணவிகள் வைத்த பட்டப்பெயர்.

அன்றைய புத்தகம் ஒரு நினைவுக்குறிப்பு. சாகக் கிடந்த இதய அறுவை மருத்துவரைத் தினமும் போய்ப் பார்த்த மாணவர் ஒருவர், குருவின் கடைசி நாட்களை எழுதியிருந்தார். கட்டிலருகே ஒரு காலி நாற்காலி. மாணவர் உட்காரப் போனால், “அது வேண்டாம்ப்பா, கட்டில்ல உட்காரு” என்பார் குரு. அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்த நாற்காலி வந்துகொண்டே இருந்தது.

“திரும்பத் திரும்ப வர்ற பொருள் சும்மா வராதுங்க. அதுல உட்கார்ந்திருக்கிறது மரணம்,” என்றாள்.

“யாராவது வருவாங்கன்னு போட்டு வச்சிருக்கலாமே?”

“புத்தகத்துல ஆதாரம் காட்டுங்க சார், ஒத்துக்கறேன்.”

சிலர் சிரித்தார்கள். கேள்வி கேட்டவன் தலை குனிந்துகொண்டான். குனிவதற்கு முன் அந்தக் கண்களை அவள் பார்த்துவிட்டாள்... வம்புக்கு வந்தவனின் கண்கள் அல்ல அவை. எதையோ கேட்டு ஏமாந்த கண்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் மழை. குடை கொண்டு வராத இரண்டே பேர் வாசலில் நின்றார்கள். இன்னொருவன் அவன்தான்.

“இடது கடைவாய்ப் பல்லா?” என்றான்.

“என்னது?”

“பேசறப்பல்லாம் கன்னத்தைப் பிடிச்சுக்கறீங்க. நான் பல் டாக்டருங்க.”

“பேச்சுல குறுக்க வந்தது போதாதா? பல்லுலயும் வரணுமா?”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே அணைந்தது.

“அந்தப் புத்தகத்துல சாகக் கிடக்கிறவர்... எங்கப்பா.”

மழைச் சத்தத்தில் அவள் சரியாகத்தான் கேட்டாளா?

“என் மகன் இதயத்தைத் தொடுவான்னு பார்த்தா பல்லைப் பிடுங்கறானேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். கோவிச்சுக்கிட்டுக் கிளம்பி வந்துட்டேன். உடம்பு முடியலைன்னு தெரிஞ்சும் போகல... அவரே கூப்பிடட்டும்னு இருந்துட்டேன். மரணம்னு நீங்க சொன்னப்ப அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா மனசு நம்ப மாட்டேங்குது. அது எனக்காகப் போட்ட நாற்காலியா, மேடம்?”

இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரியவில்லை, தேடிப் பார்க்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அடித்துப் பேசிய கௌரவம் விடவில்லை.

“கூட்டத்துல சொன்னதுதாங்க. ஆதாரம் இல்லாம நான் எதையும் சொல்றதில்ல.”

அவன் தலையாட்டிவிட்டு மழையில் இறங்கி நடந்தான். சே... என்ன மனுஷி நான்!

மறுநாள் விடுமுறை. அவள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தாள். இந்த முறை பேனாவை எடுக்கவில்லை. பாதிக்கு மேல் ஓரிடத்தில் கை நின்றது. பக்க ஓரத்தில் அவளுடைய கையெழுத்திலேயே ‘காய்ச்சல் பிதற்றல், முக்கியமில்லை’ என்றிருந்தது. அதை எழுதிய கையை வெட்டினால் தேவலை என்றிருந்தது.

மாலை, நூலகத்தில் விலாசம் கேட்டுக்கொண்டு அவனுடைய பல் மருத்துவமனைக்குப் போனாள். பல் வலி நிஜம்தான். அதற்காக மட்டும் போகவில்லை என்பதும் நிஜம்தான்.

“நான் சொன்னது தப்பு,” என்று நின்றபடியே சொன்னாள். “உங்களுக்கு இது வலிக்கும். ஆனாலும் படிக்கணும்.”

அவன் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே நின்றான். அவள் படித்தாள்.

“‘காலையில் சார் நாற்காலியைத் துடைக்கச் சொன்னார். முதுகுக்கு ஒரு தலையணை வைக்கச் சொன்னார். நாளெல்லாம் குனிஞ்சு அடுத்தவன் வாயைப் பார்க்கிறவனுக்கு முதுகு வலிக்கும்ப்பா என்றார். காய்ச்சலில் ஏதோ பிதற்றுகிறார் என்று நினைத்தேன்.’”

அவள் புத்தகத்தை மூடினாள்.

“மரணத்துக்கு முதுகு வலிக்காதுங்க...”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவள் பக்கத்தில் போய் நின்றாள். வெளியே நேற்றைய மழையின் மிச்சம் தூறிக்கொண்டிருந்தது.

“பொய் சொல்லியிருக்கலாமே நீங்க,” என்றான் ஜன்னலைப் பார்த்தபடியே.

“உங்ககிட்ட முடியல.”

“ஏன்?”

“நீங்க மழையில இறங்கிப் போனதுலேர்ந்து... எனக்கு வேற எந்த நினைப்பும் இல்ல. போதுமா?”

ஈரக் கண்களோடு அவளைப் பார்த்தான்.

“அவரே கூப்பிடட்டும்னு இருந்து அப்பாவைத் தொலைச்சேன். இன்னொரு தடவை அப்படி இருக்க மாட்டேன். நானே கூப்பிடறேன்... நாளைக்கும் வருவீங்களா? பல்லுக்காக இல்ல.”

அவளுடைய கை தானாகக் கன்னத்துக்குப் போனது. இந்த முறை வலியால் அல்ல.

“வர்றேன்... நாற்காலியைத் துடைச்சு வைங்க.”