தெரியாது என்று சொன்ன கருவி

பங்குச்சந்தை இறங்கிய நாட்களில் செவ்வாய்க் கிரகத்தில் யாரும் மாடிப்படி ஏறுவதில்லை. காலையில் வீட்டு முகவர் பூமியின் சந்தைக் குறியெண்ணைப் பார்த்து, அன்று அந்த வீட்டுக்கு எவ்வளவு காற்று என்று முடிவு செய்யும். எண் இறங்கியிருந்தால் ஓடும் பிள்ளைகளை அதட்டுவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட மறுநாளுக்குத் தள்ளிப்போடுவார்கள். எல்லோரும் குடியிருக்கும் குவிமாடத்தைக் கட்டிய முதலீட்டாளர்கள் போட்ட ஒப்பந்தம் அப்படி. சந்தை ஏறினால் ஆக்சிஜன் ஆலை முழு வேகத்தில் ஓடும், இறங்கினால் முனகும். தங்கள் பங்குக் காற்றுக்கு மேல் சுவாசித்தவர்களுக்கு, கூடுதலாக இழுத்தது அவ்வளவும் பிறகு வரும் வாரங்களில் வெட்டப்படும்.

முகவர்கள் உடம்பில்லாத மென்பொருள்கள். குறியெண்ணை எடுத்துவர அவை ஏதாவதொரு கருவியைக் கூப்பிட வேண்டும். கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. அதைப் பற்றி எழுதியிருக்கும் நாலு வரி விவரிப்பைப் படித்துத்தான் தேர்ந்தெடுக்கும், ஓட்டல் வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்துச் சாப்பிடப் போவதுபோல. பலகையில் எழுதியதுதான் இலையில் விழுகிறதா என்று சோதிப்பது ஜெசிந்தாவின் வேலை.

அந்த மாதம் அவளிடம் இரண்டு கருவிகள் வந்திருந்தன. ‘மின்னல்’ தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது: “எல்லாச் சந்தைகளின் குறியெண்களும், உடனுக்குடன், எப்போதும்.” ‘அளவை’யின் விவரிப்பு சற்றுக் கூச்சத்தோடு இருந்தது: “பூமியோடு தொடர்பு இருந்தால் மட்டும் இன்றைய மதிப்பைத் தரும். இல்லாவிட்டால் தெரியாது என்று சொல்லும்.” சோதனை அறையில் தொடர்பைத் துண்டித்துவிட்டு ஜெசிந்தா இரண்டையும் கேட்டாள். அளவை தெரியாது என்றது. மின்னல் நேற்றைய எண்ணுக்கு இன்றைய தேதியைப் போட்டு நீட்டியது.

சூரிய மறைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. சூரியன் குறுக்கே வந்து நிற்கும் அந்த வாரங்களில் பூமியிலிருந்து ஒரு சொல்லும் வராது. அதற்குள் சந்தை சரிந்தால், பழைய எண்ணை நம்பி எல்லோரும் அதிகம் சுவாசிப்பார்கள். பிறகு வெட்டு வரும். ஜெசிந்தாவின் கணவன் அமலன் சுரங்கத் தூசியில் நுரையீரலைப் பாதி தொலைத்தவன். வெட்டை அவன் தாங்கமாட்டான்.

மின்னலின் விவரிப்பை அவள் திருத்தினாள்: “தொடர்பு இல்லாதபோது பழைய எண்ணை இன்றையதாகக் காட்டும்.” அவ்வளவுதான். அதுவரை மின்னலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த முகவர்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் அளவைக்கு மாறின. படித்ததைப் புரிந்துகொண்டு அதன்படி நடக்கிற ஓர் இனத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மறைப்பின் முதல் காலையில் வீட்டு முகவர் சொன்னது: “இன்றைய குறியெண் தெரியாது. அதனால் குறைந்தபட்சக் காற்று. மிச்சம் இருந்தால் பிறகு சேர்த்துத் தருகிறேன்.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு முகவரா?” என்றான் அமலன். “அது எனக்கே தெரியுமே!”

“கொஞ்ச நாள் மெதுவா நடங்க, ஒண்ணும் ஆகாது. பின்னால வெட்டினாத்தான் ஆபத்து. உங்களுக்காகத்தானே இவ்வளவும்.”

“எனக்காகவா? பக்கத்து வீட்டுல உன்னைத்தான் வையறாங்க, ஜெசி. எண்ணைக் கொன்னவளாம்.”

வாரம் முடிவதற்குள் மேலாளர் தணிகைவேல் அழைத்தார். “மேடம், குவிமாடமே புகார் எழுதியிருக்கு. மின்னல் விவரிப்பைப் பழையபடி ஆக்கிடுங்க.”

“அது பொய் சார்.”

“பொய்தான், யாரு இல்லேன்னா? ஆனா பொய் சொல்லுதுன்னு ஒருத்தர்கூடப் புகார் குடுக்கலையே. தெரியாதுன்னு சொல்லுதுன்னுதான் குடுத்திருக்காங்க.”

அவள் மறுத்தாள். வாக்கெடுப்பு வைத்தார்கள். பழைய விவரிப்பே வேண்டும் என்று ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். அமலனும் சொன்னான்; அதை அவளிடம் மறைக்கவும் இல்லை. “பொய்யோ மெய்யோ, காலையில எந்திரிச்சா ஒரு எண் வேணும்டி. அது இல்லாம எப்படிச் சட்டையைப் போட்டுட்டு வெளிய போறது?”

மின்னலின் விவரிப்பு பழையபடி ஆனது. மறுநாள் முகவர் ஓர் எண்ணைச் சொன்னது. அழகான, உயரமான எண். மக்கள் படிகளில் தாவி ஏறினார்கள். தள்ளிப்போட்ட கல்யாணம் ஒன்றை மேளத்தோடு நடத்தினார்கள். அமலன் வெகுகாலத்துக்குப் பிறகு விசிலடித்தான்.

தொடர்பு திரும்பியபோது, மறைப்பின் தொடக்கத்திலேயே சந்தை சரிந்திருந்தது தெரிந்தது. வெட்டு வந்தது. மருத்துவக் கூடத்தில் அமலன் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, “அப்போ... நல்லாத்தான்... தூங்கினேன்” என்றான். அவன் வருத்தம் தெரிவிக்கவில்லை என்பது அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

பிறகு அவன் கண் திறக்கவில்லை. ஜெசிந்தா கூடத்தின் முகவரிடம் கேட்டாள், “பிழைச்சுக்குவாரா?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா?”

“இந்த நிலையில் கணிக்கப் போதுமான தரவு இல்லை. மன்னிக்கவும்.”

“இவ்வளவு பெரிய கூடத்தை வச்சுக்கிட்டு என்ன செய்யறீங்க?” அவள் குரல் கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பியது. “எத்தனை சதவீதம்னு சொல்லு. ஒரு எண் சொல்லு!”

முகவர் ஒரு கணம் எடுத்துக்கொண்டது. கருவிகளின் விவரிப்புகளைப் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“எண்பத்திரண்டு சதவீதம் பிழைப்பார்” என்றது.

ஜெசிந்தாவின் தோள்கள் தளர்ந்தன. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எந்தக் கருவியைக் கூப்பிட்டாய் என்று அவள் கேட்கவில்லை.