படமெடுத்த நாற்காலி

"அய்யோ!... முதலாளி போயிட்டாரே!"

வேலைக்காரி சுகுமாரியின் அலறல் பாறசாலையைத் தாண்டிச் செங்கல் கிராமம் வரைக்கும் கேட்டிருக்கும்!

கைலாசம் பிள்ளை தன் புது நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். வாயில் நுரை. சாய்மானத்தில் தேக்குத் தாமரை, மாங்கொடி, கிளி... வலது கைப்பிடியில் படமெடுத்த நாகம்.

உட்காரும்போதெல்லாம் அந்தப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நாகத்தைக் கண்டால் தொட்டுக் கும்பிடாத கை இந்தப் பக்கத்தில் ஏது?

"சர்ப்ப சாபமாக்கும்!" தம்பி நீலகண்டன் முற்றத்தில் குதித்தான். "நாகராஜாவக் கசேரயில செதுக்கினா சும்மா விடுவாரா? கசேரயக் கொளுத்துங்க! ஆசாரிய அடிங்க!"

ஆசாரி கருணாகரனை ஏற்கெனவே பலாமரத்தில் கட்டியாகிவிட்டது. முதுகில் ரத்தம்.

கைலாசத்தின் மனைவி உமையம்மாளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"எலே, அவன அவுத்து விடு! செதுக்கச் சொன்னது உங்க அண்ணனாக்கும்!"

"மைனி, நீங்க உள்ள போங்க!"

ஏட்டு செல்லசாமி வந்தார். பிணத்தைப் பார்த்தார். பழக்க தோஷம்... கை தானாக நாகத்தின் படத்துக்குப் போனது!

பட்!

நீலகண்டன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

போலீஸ்காரரின் கையை!

"என்னடே?" ஏட்டின் மீசை துடித்தது.

"சாபம்... சாபம் ஒட்டிக்கிடும் ஏட்டே..."

உமையம்மாள் பாய்ந்து கொழுந்தனின் மணிக்கட்டைப் பிடித்தாள். உலக்கை பிடித்த கை. விடுமா?

"அப்ப நீ தொட்டுக் கும்பிடு. சாபம் தீரட்டும்!"

"விடுங்க மைனி!"

"தொடுலே, நாசமாப் போறவனே!"

விரலுக்கும் படத்துக்கும் நடுவே ஒரு நெல்மணி இடம்தான்...

"வேண்டாம்! முள்ளு உண்டு! வெஷமுள்ளு!"

நீலகண்டன் அலறிவிட்டான்.

உமையம்மாள் அவனை உதறினாள். தன் உள்ளங்கையை நாகத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை!

நீலகண்டன் அவள் கையையும் நாகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முள்ளு உங்க அண்ணன் விரல்லயே ஒடிஞ்சி இருந்துது. பிடுங்கி முந்தியில முடிஞ்சி வச்சிருக்கேன். அப்பமே காட்டியிருந்தா அதையும் ஆசாரி தலையில கட்டியிருப்பே. வச்சவன் வாயாலயே வரட்டும்னு இருந்தேன். சொத்துக்காகவாலே கூடப்பிறந்தவனக் கொன்னே?"

நீலகண்டன் தலையைத் தொங்கப் போட்டான். ஆசாரியின் கட்டை அவிழ்க்க நாலு பேர் ஓடினார்கள்.

ஏட்டு விலங்கோடு நெருங்கினார்.

"பாத்துப் பிடியுங்க ஏட்டே!" உமையம்மாள் பல்லைக் கடித்தாள். "இது மரத்துல செதுக்கினது இல்ல... கடிக்கும்!"