அது மாத்திரையில சேராதுங்க

"நாஷ்டா சாப்டீங்களான்னு கேட்டீங்க, இல்லன்னேன். டீ குடிச்சீங்களான்னு கேக்கவே இல்லியே சிஸ்டர்?"

விக்டோரியாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரத்தப் பரிசோதனை லேப் அது. காலை ஏழு மணி. வெளியே ஐப்பசி மழை, சிப்காட் ஆலைப் புகையையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு ஊற்றியது. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவன், சட்டையில் சொட்டிய தண்ணீரை எல்லாம் அவள் மேசையில் அடுக்கி வைத்திருந்த லேபிள்கள் மேலேயே விட்டுக்கொண்டு நின்றான்.

"மொதல்ல நான் சிஸ்டர் இல்ல, டெக்னீசியன். மூணு வருஷம் படிச்சிட்டு வந்து ஒக்காந்திருக்கேன். வெறும் வயிறுன்னா வெறும் வயிறுதான். டீ, பொறை, பிஸ்கட் எதுவும் கூடாது. நாளைக்கு வாங்க."

"டீயும் தண்ணி மாரிதாங்களே..."

"அப்புறம் எதுக்குத் தண்ணிக்குப் பாலும் சக்கரையும்? கெளம்புங்க சார், லேபிள் எல்லாம் நாசமாப் போச்சு."

அவன் சிரித்தான். இரவெல்லாம் இரும்பு உருட்டும் ஆலையின் உலை வெளிச்சத்தில் விழித்திருந்த கண்கள்... ஓரமெல்லாம் சிவப்பு. ஆனாலும் சிரித்தபோது அந்தச் சிவப்புக்குள் மழைத்தண்ணீர் போல ஏதோ பளபளத்தது. கவனிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கவனித்துவிட்டாள். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

படிவத்தில் பெயர் பார்த்தாள். ஆதிகேசவன், வயது இருபத்தெட்டு, பழவேற்காடு. ஆறு மாதமாக மேல்வயிற்றில் வலி, எரிச்சல்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்தான். குடையோடு வந்தான். அதை வாசலிலேயே வைத்துவிட்டு, "இன்னிக்கு எச்சிலைக் கூட யோசிச்சுதாங்க முழுங்கினேன்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் நனைந்த லேபிள்களுக்காக முதலாளி யேசுதாஸிடம் முந்தின நாள் வாங்கிய பேச்சு இன்னும் தொண்டையில் இருந்தது. பேனாவை எடுத்து ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"சுகர் இருக்கா பிபி இருக்கா மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா, இல்லல்ல?"

"இல்லிங்க... ஆனா..."

"இல்லன்னா இல்ல. கைய நீட்டுங்க."

படிவத்தின் கடைசி வரை 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டே போனாள்.

ஊசி ஏறும்போது அவன் முகத்தைத் திருப்பவில்லை. இரண்டு குழாய்களையும் பார்த்தபடி, "எதுக்குங்க ரெண்டு?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாருமே கேட்டதில்லை. ஆரணியில் மூட்டை தூக்கும் அப்பா தானியேலுக்கு, மகள் 'ஆஸ்பத்திரி வேலை' பார்க்கிறாள், அவ்வளவுதான். இங்கே வருகிறவர்களுக்கோ ரிப்போர்ட் எப்போது வரும் என்பது மட்டும்தான் கவலை.

"ஒண்ணு லிப்பேஸ், அமைலேஸ் பாக்க. கணையத்துல ஊறுற என்சைம். கணையம் வீங்கியிருந்தா ரத்தத்துல ஏறிக்கும். இன்னொண்ணு காஸ்ட்ரின்... வயித்துக்கு, 'ஆசிட் ஊறு'ன்னு சேதி சொல்ற ஹார்மோன். சீக்கிரம் கெட்டுப் போயிடும். உடனே மெஷின்ல சுத்திப் பிரிச்சு, உறைய வெச்சு, ஐஸ் பெட்டியில மெட்ராசுக்கு அனுப்பணும்."

"அப்ப வயித்துக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் பேசிக்கினே கீறாங்கன்னு சொல்லுங்க."

"ம்... சில பேரு வெளியிலயும் பேசிக்கினே இருக்காங்க. பஞ்சை அழுத்திப் புடிங்க."

போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். குடையை விரித்துக்கொண்டு, அதை மறந்து, மழையில் பாதி நனைந்தபடி... பார்த்தான்.

நான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது. லிப்பேஸும் அமைலேஸும் சரியாக இருந்தன. காஸ்ட்ரின் நானூற்று முப்பத்தெட்டு. நூறுக்குள் இருக்க வேண்டியது.

பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் அவனிடம் மறைக்கவில்லை. கணையத்துப் பக்கம் ஒரு கட்டி இருந்து அதைச் சுரக்கலாம். சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்தச் சீட்டோடு, லேபுக்கு மிச்சக் காகிதங்களை வாங்க வந்தான் ஆதிகேசவன். கண்ணில் அந்தப் பளபளப்பு இல்லை.

"அம்மா ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்கப் போலான்னு சொல்லிக்கினு இருந்துச்சுங்க. வேணான்னுட்டேன். கட்டியக் கட்டிக்கினு எவளையாவது ஏமாத்தலாமா?"

விக்டோரியா காகிதங்களை எடுத்து வைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கித் தண்ணீர் கூட இல்லாமல் விழுங்கினான்.

"இன்னா அது?"

"இதுவா? கேஸ் மாத்திரைங்க."

"மாத்திரை எதுவும் சாப்பிடலன்னு சொன்னீங்க!"

"இது மாத்திரையில சேராதுங்க. எங்க லைன்ல அத்தினி பேரும் போடுவானுங்க. காலைல டீ, கூடவே இது. சூப்பர்வைசரே மேல்பாக்கெட்ல வெச்சினு சுத்துறாரு. நான் ரெண்டு வருசமா டெய்லி போடறேன்."

தினமும் அந்த மாத்திரை ஆசிட்டை அடக்குகிறது. ஆசிட் போதவில்லை என்று காஸ்ட்ரின் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். கட்டி இல்லாமலேயே நானூறைத் தொடும். முதலாம் ஆண்டுப் பாடம். படிவத்திலேயே கேள்வி இருந்தது: 'கடந்த இரண்டு வாரத்தில் கேஸ் மாத்திரை?' அதற்கு எதிரே 'இல்லை'. அவளுடைய டிக். அவன் 'ஆனா' என்று இழுத்தானே... அந்த ஆனாவை அவள்தான் வெட்டினாள்.

சும்மா இருந்துவிடலாம். ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடும், யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. சொன்னாலோ... "படிக்காத ஊட்டுலருந்து வந்த பொண்ணு, அவ்ளோதான் வரும்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் மூன்று வருடம் முதல் மதிப்பெண் எடுத்தாள்; அதற்குப் பயந்துதான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். தப்பு செய்ய அவளுக்கு உரிமை இல்லை என்றே நினைத்திருந்தாள்.

எதிரே ஒருவன் செத்துப்போவதற்குத் தயாராகிக்கொண்டு நின்றான்.

"ஒக்காருங்க" என்றாள். "தப்பு என் மேல."

யேசுதாஸிடம் சொன்னாள். அவர் கத்தினார், ஆதிகேசவனைப் பார்த்து, "எழுதிக் குடுங்க தம்பி, புகார் நோட்டு இருக்கு" என்று நீட்டினார். டாக்டருக்கும் அவளே போன் செய்து, பிசகை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டாள். "சொன்னியேம்மா, நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். ஸ்கேன் நிற்கட்டும், இரண்டு வாரம் கேஸ் மாத்திரையை நிறுத்தி, எரிச்சலுக்கு அவர் எழுதும் சிரப்பை மட்டும் குடித்து, மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை நிறுத்திய பிறகுதான் வயிற்றைப் புண்ணாக்கும் கிருமிக்கான மலப் பரிசோதனையும் சரியாகத் தெரியும். அதையும் சேர்த்துச் செய்யச் சொன்னார்.

இரண்டு வாரம். தினமும் மாலை அவன் ஷிப்டுக்குப் போகுமுன் அவளே போனில் அழைத்தாள்.

"போட்டீங்களா?"

"போடல மேடம். நெருப்ப முழுங்குன மாரி கீது. உங்கள நெனச்சா பயத்துல அடங்கிடுது."

"நக்கலா?"

"இல்லிங்க, வைத்தியம்."

ஒருநாள் அவன் அம்மா குப்பம்மாள் கொடுத்தனுப்பிய பழவேற்காட்டு நண்டு ஒரு பை வந்தது. ஐஸ் பெட்டிக்குள் வைக்கப்போனவனை, "ஐயோ, அது ரத்தம் வெக்கிற பெட்டி!" என்று அவள் துரத்திய துரத்தலில் பைக்குள் இருந்த நண்டே மிரண்டிருக்கும்.

இரண்டாவது ரிப்போர்ட் வந்த காலையில் மழை விட்டிருந்தது. காஸ்ட்ரின் ஐம்பத்தெட்டு. கிருமி இருக்கிறது. பதினாலு நாள் மருந்தில் ஒழியக்கூடிய கிருமி.

எண்ணைச் சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது அவன் புகார் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

"இன்னா எழுதுறீங்க?"

காட்டினான். கோணல் எழுத்து. 'இந்த மேடம் தன் தப்பைத் தானே சொன்னாங்க. எங்க கம்பெனில ஆறு வருசத்துல ஒரு ஆபீசரும் அப்படிச் சொன்னதில்ல. நான் பொழச்சது இவங்களால. நன்றி. ஆதிகேசவன்.'

தன் வாழ்க்கையில் வாங்கிய எந்த மதிப்பெண்ணும் அவளை இப்படி அழ வைத்ததில்லை. நன்றி சொல்ல வேண்டியவள் அவள். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள்...

மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று பார்க்கக் கடைசிப் பரிசோதனை. தை வெயில் இளசாக விழுந்த காலை. துவைத்துத் தேய்த்த சட்டையில் வந்து உட்கார்ந்தான். அவள் புதுப் படிவத்தை எடுத்தாள். இப்போதெல்லாம் அவள் ஒப்பிப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் முழுசாக வரும் வரை பேனாவைத் தூக்கிப் பிடித்திருப்பாள்.

"டீ?"

"மோந்து கூட பாக்கல."

"கேஸ் மாத்திரை?"

"இல்லிங்க."

"ஆனா...?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவன் தலை குனிந்து சிரித்தான். காது மடல் சிவந்தது. "ஆனா... இன்னியோட டெஸ்ட் முடியுதுங்களே. நாளையிலருந்து இங்க வர்றதுக்கு எனக்கு எந்த வியாதியும் இல்ல. அத நெனச்சா வயித்துல இல்லிங்க, இன்னும் கொஞ்சம் மேல... எரியுது. உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க. அம்மா கைல கூட சொல்லிட்டேன். உங்க அப்பா என்ன சொல்லுவாரோ, உங்க சர்ச்சுல என்ன சொல்லுவாங்களோ... தெரியல. கேட்டுப் பாக்கணும்னு மட்டும் கீது."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. விக்டோரியா பேனாவை மூடி வைத்தாள். கோபம் வருமா என்று தேடிப் பார்த்தாள்... காணோம்.

"எங்க அப்பாவுக்கு நண்டுன்னா உசுரு" என்றாள். "ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு ஊட்லதான் இருப்பாரு. அம்மாவைக் கூட்டிக்கினு வா."

'வாங்க', 'வா' ஆனதை அவன் கண்கள்தான் முதலில் கேட்டன. அந்தப் பளபளப்பு திரும்பி வந்தது.

"அந்த எரிச்சலு..." அவன் இழுத்தான்.

"அதுக்கு ஏதாவது மாத்திரை போட்டியா?"

"இல்லிங்க."

"போடாத" என்றாள் அவள்.