மூக்கடைத்த குரலில் ஒரு காதல் பாட்டு

“யாரு பாய் இந்தம்மா… மூக்கடைச்சுப் போயி பாடுது?”

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். முத்துமீனாவால் அது என்றைக்கு முடிந்தது? பேசுவதுதானே அவளுக்கு வேலை! ஞாயிறு மதியம் எஃப்.எம். ரேடியோவில் பழைய மெல்லிசைப் பாட்டுகளைப் போட்டு, நேயர்களோடு வாயாடுகிறவள் அவள்.

காஜிமார் தெருவில், சேக் இஸ்மாயிலின் ரேடியோ ரிப்பேர் கடை. வெளியே ஐப்பசி மழை. உள்ளே, அப்போதுதான் உயிர் வந்த ரிக்கார்டு பிளேயரில் ஒரு சின்ன இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் ஆண் குரல், ஒரு பெண் குரல். எங்கேயும் போய்ச் சேர அவசரமில்லாத மெட்டு…

சேக் இஸ்மாயில் தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தில் நின்ற இளைஞனைப் பார்த்தார்.

“எங்க அம்மா,” என்றான் அவன்.

முத்துமீனாவுக்குக் காது மடல் சுட்டது. மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தக் கண்கள்… கோபமாக இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். அவை நோகடிக்கப்பட்ட கண்களாக இருந்தன.

“சாரிங்க… நான் சும்மா…”

அவன் ஊசியைத் தூக்கினான். தட்டை எடுத்து உறையில் போட்டு, சட்டைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினான்.

“ஏங்க… மழைங்க!”

“பரவால்ல.”

நனைந்துகொண்டே போனான். அவன் தெருமுனையில் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கோகுல்நாத்தும்மா. மகால் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்காரு,” என்றார் சேக் இஸ்மாயில். “தங்கமான புள்ளை. பிளேயருக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வருவாரு.”

“அதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க பாய்?”

“சும்மா சொன்னேன்,” என்று அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அவன் வருவதற்கு முன்பே அவள் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்கு மழை இல்லையே?” என்றான் கோகுல்நாத், வாசலிலேயே நின்று.

“பாட்டுக்காக வந்தேன். பாதியிலேயே தூக்கிட்டுப் போயிட்டீங்கள்ல? மீதியையும் கேட்டுட்டுத் திட்டுறதா, மன்னிப்புக் கேக்குறதான்னு முடிவு பண்ணணும்.”

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா என்று அவள் நிச்சயம் செய்வதற்குள் மறைந்துவிட்டது. ஆனால் தட்டை வைத்து ஊசியை இறக்கினான்.

‘மெல்லப் பெய்யும் மாலை’ என்பது அந்தப் பாட்டின் பெயர். இந்த முறை முத்துமீனா பேசாமல் கேட்டாள். பெண் குரல் அடைத்துத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது சரணத்தில், அழுது முடித்தவள் சிரிக்க ஆரம்பிப்பதைப் போல ஓர் ஈரம் அதில் ஏறியது. அவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது.

“அன்னைக்கு அம்மாவுக்கு நெசமாவே சளி,” என்றான் அவன். “மெட்ராசுல ஸ்டுடியோ கிடைச்சது அந்த ஒரு நாள்தான். கசாயத்தைக் குடிச்சுக் குடிச்சுப் பாடியிருக்காங்க. கூடப் பாடுறது எங்கப்பா. தட்டு வெளிவந்ததும் ஒரு பத்திரிகையில, நீங்க சொன்ன அதே வார்த்தையை எழுதிட்டாங்க… ‘மூக்கடைத்த குரல்’னு. அதுக்கப்புறம் அம்மா பாடவே இல்ல. வீட்டுல இந்தத் தட்டைப் போடவும் விட்டதில்ல.”

“இப்ப மட்டும்?”

“போன வருஷம் அப்பா தவறிட்டாரு. எனக்கு அவரு குரல் வேணும்போல இருந்துச்சு. அம்மாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்.”

அவள் தட்டின் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இதை என் நிகழ்ச்சியில போடட்டுமா?” என்றாள் கடைசியில், மெதுவாக. “கிண்டலுக்கு இல்லைங்க. ஊரு கேக்கட்டும்.”

அவன் வெகுநேரம் அவளைப் பார்த்தான். கண்ணுக்குப் பவர் பார்க்கிறவர்கள் பார்ப்பதுபோல… நிதானமாக, ஒவ்வொரு கண்ணாக.

“பேரைச் சொல்லக்கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“அம்மா ரேடியோ கேக்குறதில்ல. அதனால…” என்று இழுத்தான். “சரி. போடுங்க. இங்கயே போன்ல பதிவு பண்ணிக்குங்க.”

ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஒலித்தது. முடிந்ததும் தொலைபேசி மூச்சு விடவில்லை. மாட்டுத்தாவணியில் பூ விற்கிற சோணையம்மாள், “ஏத்தா, அந்தப் பொம்பளை பாடுனதை இன்னொருக்கா போடு. எங்க அக்கா பேசுற மாதிரியே இருக்கு” என்றாள். ஒருவர், “தூக்கம் வருதுங்க, குத்துப் பாட்டு போடுங்க” என்று வைத்துவிட்டார். டி. கல்லுப்பட்டியில் இருந்து ஒரு டீச்சர், காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டதாகச் சொன்னார். முத்துமீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்து ஒரு குரல் வந்தது. வயதான குரல், ஆனால் நிமிர்ந்த குரல்.

“அந்தப் பாட்டை யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“அம்மா… நீங்க?”

“அதுல பாடுனவ. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா என் குரலை நானே கேக்க வேண்டியதாப் போச்சு.”

இணைப்பு அறுந்தது.

மறுநாள் அவள் கண்ணாடிக் கடைக்கு ஓடினாள். கோகுல்நாத் நிமிரவே இல்லை. ஒரு ஃப்ரேமைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அம்மா எங்கூடப் பேச மாட்டேங்குறாங்க. உங்க மேல தப்பில்ல, என் மேலதான். ஆனா… இனிமே இங்க வராதீங்க.”

“நான் வந்து அம்மாகிட்டப் பேசுறேனே.”

“எங்க வீட்டு விஷயம், நாங்க பாத்துக்குறோம்.”

‘எங்க வீட்டு’ என்ற வார்த்தை அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. சரிதான், நான் யார்? ரேடியோவில் பேசுகிற ஒருத்தி. ஒத்தக்கடை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யானைமலை வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். இவனுக்காக ஏன் அழுகிறோம் என்று யோசித்தபோது விடை தெரிந்துபோயிற்று. இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அந்த வாரம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தாள். சனிக்கிழமை காலையில் முடியவில்லை. சேக் இஸ்மாயிலிடம் வழி கேட்டுக்கொண்டு போய், மகாலுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவன் கோகுல்நாத். அவன் முகத்தில் திகைப்பு. அதற்கடியில் ஒரு வெளிச்சம். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“உங்களைப் பாக்க வரல,” என்றாள் படபடவென்று. “அம்மாவைப் பாக்கணும்.”

அவன் அம்மா அலர்மேல்மங்கை நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். முத்துமீனா அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“உங்களைக் கேக்காமப் போட்டது தப்புதாம்மா. ஆனா நல்லாயிருக்குன்னுதான் போட்டேன்.”

“எனக்கு என் குரலைப் பத்திக் கவலை இல்லம்மா,” என்றார் அவர். கோபம் ஆறியிருந்தது, களைப்பு மட்டும் மிச்சம். “‘ஆண் குரல் தேன், பெண் குரல் மூக்கடைப்பு’ன்னு எழுதுனான். அதுக்கப்புறம் அவரை வேற பாட்டுக்காரிங்களோட பாடக் கூப்பிட்டாங்க. அவரு போகல. ‘அவளைச் சொன்ன வாய் என்னை மெச்ச வேண்டாம்’னுட்டாரு. ஜவுளிக் கடையில கணக்கு எழுதியே காலம் போச்சு. என் ஒரு நாள் சளி அவரு ஆயுசையே தின்னுடுச்சு. அந்தத் தட்டு சுத்துனா எனக்கு அதுதான் கேக்கும்.”

கோகுல்நாத் சுவரில் சாய்ந்து நின்றான். அவனுக்கே அது புதிது என்று அவன் முகம் சொன்னது.

முத்துமீனா போனை எடுத்தாள். “ஒரே ஒரு நேயர் பேசுனதை மட்டும் கேளுங்கம்மா. பதிவு பண்ணி வச்சிருக்கேன். வாடிப்பட்டியில பஸ் ஓட்டுறவரு, அழகுபாண்டின்னு.”

கரகரத்த குரல் ஒன்று கூடத்தை நிறைத்தது.

“தங்கச்சி… அந்தப் பாட்டு முடியுற எடத்துல அந்த ஆளு குரலை எறக்கிடுறாரு, கவனிச்சியா? அம்புட்டு நல்லாப் பாடுற மனுசன், கடைசி வரியில அந்தம்மா மேல நிக்கட்டும்னு கீழே எறங்கி நிக்கிறாரு. சந்தோசமா நிக்கிறாருப்பா. அவங்க புருசன் பொஞ்சாதியாத்தான் இருக்கணும்.”

அலர்மேல்மங்கையின் கை நாற்காலியின் பிடியைப் பற்றியது.

“அன்னைக்குத்தான் முதன்முதலா அவரைப் பாத்தேன்,” என்றார். “கல்யாணப் பேச்சே இல்ல அப்ப…” பிறகு மகனைப் பார்த்து, “தட்டையும் பிளேயரையும் எடுத்துட்டு வா” என்றார்.

ரிக்கார்டு சுழன்றது. கடைசி வரி வந்தது. தேன் குரல் மெல்ல, யாரும் கவனிக்காதபடி, ஒரு படி கீழே இறங்கியது. அடைத்துப்போன அந்த ஈரக் குரல் மட்டும் மேலே தனியாக நின்றது… பயமில்லாமல்.

“எறங்குறாரு,” என்றார் அவர். கண்ணீர் வழிந்தது; முகம் சிரித்தது. “ஆமா… எறங்குறாரு. பக்கத்துல நின்னு பாடியும் எனக்குத் தெரியலையே. இன்னொரு தடவை போடுடா.”

மூன்று தடவை போட்டார்கள். முத்துமீனா விடைபெறும்போது அவர் மகனிடம் தங்கள் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். அவன் முகம் சிவந்துவிட்டது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தான். காலை வெயில் இதமாக இருந்தது.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு வெக்கம்?”

அவன் நின்றான். “‘இந்தப் பொண்ணு பாட்டுக்காக மட்டும் வரல’ன்னாங்க.”

முத்துமீனா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். பஸ் ஒன்று வந்து, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

“சரியாத்தான்… சொல்லியிருக்காங்க,” என்றாள்.

அவன் மூச்சை இழுத்துவிட்டான். அப்புறம் அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“என்னங்க பண்றீங்க?”

“இது இல்லாட்டி எதுத்தாப்ல நிக்கிற ஆளு எனக்குத் தெரியாது. உங்க முகத்தைப் பாத்தா பேச்சு வராது… அதான்.” எங்கோ அவள் காதுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அன்னைக்கு மழையில கோவமாத்தான் போனேன். தெருமுனை வரைக்கும்கூட அந்தக் கோவம் நிக்கல. ‘வராதீங்க’ன்னு சொல்லிட்டு, தினமும் கடை வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க மாமாமாரு வேற சாதின்னு குதிப்பாங்க. உங்க வீட்டுலயும் சும்மா விட மாட்டாங்க. எல்லாத்துக்கும் நான் நின்னு பதில் சொல்றேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப… ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அவளிடமிருந்து சத்தமே இல்லை. அவன் பதறிப்போய் வெறும் கண்களைச் சுருக்கித் தேடினான். “இருக்கீங்களா?”

முத்துமீனா ஓரடி முன்னால் வந்தாள். இன்னும் ஓரடி. அவன் சட்டைப் பொத்தான் அளவுக்கு நெருங்கி, முகத்தை நிமிர்த்தினாள்.

“இப்பத் தெரியுதா?”

“தெரியுது,” என்றான் அவன்.

“அப்ப, இப்பச் சொல்லுங்க. முதல்ல இருந்து.”