தாய் பெயர் எழுதும் இடம்

தாயின் பெயருக்கு முன்னால் ‘ஃபூ’ என்று இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில், காலமானவர்களுக்கு மட்டும் எழுதும் சொல். பெற்றவள் நூன்ட்சியா உயிரோடுதான் உட்கார்ந்திருந்தாள். மறுபடி படித்தாள். லிவியா, கலோஜெரோவுக்கும் ஃபூ ஜெசுவால்டாவுக்கும் பிறந்த மகள்.

ஜெசுவால்டா! கணவன் கலோஜெரோவின் முதல் மனைவி. செத்து நாலு வருஷம். அலமாரியைத் திறந்தால் இன்னமும் அவள் மென்ற சோம்பின் வாசனை. பாவி, என் வீடு போதாதென்று என் குழந்தையுமா வேண்டும்?

இரண்டாம் தாரத்தின் முதல் பெண்ணுக்குச் செத்த மூத்த தாரத்தின் பெயரை வைப்பது அந்த சிசிலிய மலையூரின் வழக்கம். நூன்ட்சியா முடியவே முடியாது என்று சொல்லி, லிவியா என வைத்துவிட்டாள்.

“பேரக் குடுத்துட்டா போயிடுவாடி,” என்று மாமியார் கெஞ்சினாள். “இல்லேன்னா புள்ளையக் கேப்பா.”

“உங்க மகன் தூக்கத்துல அவ பேரத்தானே பொலம்பறாரு? அது பத்தாதாமா அவளுக்கு?”

இந்தக் குடும்பத்திலேயே வேறு பெயர் வைத்தவர்கள் உண்டு என்று காட்டி மாமியாரின் வாயை அடைக்கத்தான் வந்திருந்தாள். பாதிரியார் தேவாலயத்தின் பதிவேட்டு அறையைத் திறந்துவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டார். ஊரே கதவடைத்துக் கிடக்க, பழைய ஏடுகளின் தோலட்டை நாற்றத்துக்கும் எங்கோ சொட்டும் தண்ணீரின் ஓசைக்கும் நடுவே, காலடியில் கூடையில் லிவியா விழித்துக் கிடந்தாள். இவளைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரிக்காத குழந்தை.

பழைய ஏடுகளைப் புரட்டினாள். வேறு பெயர் வைத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டிலும் பெற்றவளின் பெயர் இல்லை. ஃபூ, அடுத்து மூத்த தாரத்தின் பெயர். ஓரத்தில் சிலுவைக் குறியோடு இறந்த தேதி. இரண்டு குழந்தைகளும் சரியாக மூன்றாம் மாதம் செத்திருந்தன.

லிவியாவுக்கு இன்றோடு மூன்று மாதம்.

பேனாவை எடுத்தாள். ஜெசுவால்டாவை அடித்தாள். மேலே தன் பெயரை எழுதினாள். மை காய்ந்தது. அவள் எழுதிய தன் பெயர் மறைந்தது. அடியில் ஜெசுவால்டா என்பது அப்படியே இருந்தது.

சொட்டும் ஓசை நின்றது.

சோம்பு வாசனை.

குழந்தையை அந்தப் பெயரால் கூப்பிட்டால் போதும். ஒரு பெயர்தானே. அவளுக்கா? என் வாயாலா?

குழந்தையின் உதடு நீலமானது.

“ஜெசுவால்டா!” என்று அலறினாள் நூன்ட்சியா. “ஜெசுவால்டா, கண்ணே, அம்மாவப் பாரு!”

“இதோ வந்துட்டேன்,” என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

குழந்தை இரண்டு கைகளையும் நீட்டி, நூன்ட்சியாவின் தோளுக்கு மேலே பார்த்து, முதல் முறையாகச் சிரித்தது.